சாலையில் தூவிய உப்பு எங்கே போகிறது?

கோயம்புத்தூர், திருப்பூர் வட்டாரத்தில் பிறந்து வளர்ந்தவர்கள் வாடகைக்கு வீடு பார்க்கப் போனால், வாடகையைக் கேட்பதற்கு முன்பே தண்ணீரைப் பற்றிக் கேட்பார்கள். அதிலும் தண்ணீர் என்று பொதுவாகக் கேட்க மாட்டார்கள். நல்ல தண்ணீர் எத்தனை நாளைக்கு ஒரு முறை வருகிறது, உப்புத் தண்ணீர் எந்நேரமும் இருக்குமா என்று இரண்டையும் தனித்தனியாகக் கேட்பார்கள். நல்ல தண்ணீர் என்பது சிறுவாணியிலிருந்தோ பவானியிலிருந்தோ குழாய் வழியாக வருவது. குடிக்கவும் சமைக்கவும் உரியது. உப்புத் தண்ணீர் என்பது ஆழ்துளைக் கிணற்றிலிருந்து மோட்டார் போட்டு மேலே ஏற்றுவது. அதில் பருப்பு சரியாக வேகாது, சோப்பு நுரைக்காது, ஹீட்டருக்குள் இருக்கும் காயிலில் சுண்ணாம்பு போல வெள்ளைப் பொருக்கு ஏறிவிடும். தண்ணீரில் கரைந்த பொருள் கண்ணுக்கு மறைந்தாலும் தண்ணீரை விட்டுப் போய்விடுவதில்லை என்பதை இந்தப் பக்கத்து மக்களுக்கு யாரும் தனியாகப் பாடம் நடத்த வேண்டியதில்லை.

இந்த ஊரில் வளர்ந்த என் அக்கா மகன், வேலை கிடைத்து அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்துக்குப் போய் அங்கே முதல் குளிர்காலத்தைப் பார்த்தபோது, தொலைபேசியில் சொன்ன செய்தி எனக்கு முதலில் வேடிக்கையாகத்தான் இருந்தது. "மாமா, இங்க ரோட்டுக்கு உப்புப் போடறாங்க. நம்மூர்ல சாயப்பட்டறைக்கு வர்ற மாதிரி லோடு லோடா வருதுங்க" என்றான். சாயப்பட்டறை என்ற சொல்லை அவன் உவமையாகத்தான் எடுத்தான். ஆனால் பிறகு விசாரித்துப் படித்துப் பார்த்தபோது, அந்த உவமை அவன் நினைத்ததை விட ஆழமாகப் பொருந்துகிறது என்பதும், ஓரிடத்தில் அது முற்றிலும் பொருந்தாமல் போகிறது என்பதும், பொருந்தாத அந்த இடத்தில்தான் விஷயமே இருக்கிறது என்பதும் தெரிந்தது.

முதலில், பனிக்கும் உப்புக்கும் என்ன தொடர்பு என்பதைப் பார்க்க வேண்டும். இதற்குக் குளிர்நாட்டுக்குப் போக வேண்டியதில்லை. இரவில் மணியடித்துக்கொண்டு தெருவுக்கு வரும் குல்ஃபிக்காரரின் பானையை எட்டிப் பார்த்தால் போதும். பானைக்குள் உடைத்த பனிக்கட்டி, அதன் மேல் கை நிறையக் கல் உப்பு, அதற்குள் செருகி வைத்த தகரக் கூம்புகள், கூம்புகளுக்குள் பால். வெறும் பனிக்கட்டியை மட்டும் சுற்றி வைத்தால் பால் சில்லென்று ஆகுமே தவிர உறையாது. உப்புப் போட்டவுடன் பனிக்கட்டி கரையத் தொடங்குகிறது. ஆனால் கரைந்த அந்த உப்புத் தண்ணீர் பனிக்கட்டியை விடவும் அதிகக் குளிர்ச்சியாகிவிடுகிறது. அதற்குள் விரலை விட்டுப் பார்த்தவர்களுக்கு, ஒரு நிமிடத்துக்குள் விரல் மரத்துப்போன அனுபவம் மறக்காது.

நடப்பது இதுதான். தூய தண்ணீர் 0 டிகிரி செல்சியஸில் உறைகிறது. உறைவது என்றால் தண்ணீரின் மூலக்கூறுகள் வரிசை பிடித்து ஒன்றோடொன்று கோத்துக்கொள்வது. தண்ணீரில் உப்புக் கரைந்திருந்தால், சோடியமும் குளோரைடும் தனித்தனி அயனிகளாகப் பிரிந்து அந்த மூலக்கூறுகளுக்கு நடுவே நின்றுகொள்கின்றன. எனவே வரிசை பிடிப்பதற்கு இன்னும் அதிகக் குளிர் தேவைப்படுகிறது. நூற்றுக்குச் சுமார் 23 பங்கு உப்புக் கலந்த கரைசல் மைனஸ் 21 டிகிரி வரை உறையாமல் நிற்கும். அதற்கு மேல் உப்பைக் கூட்டினாலும் பயனில்லை. ஏற்கெனவே உறைந்து கிடக்கும் பனிக்கட்டியின் மேல் உப்பைப் போட்டால், அதன் மேற்பரப்பில் எப்போதும் இருக்கும் மிக மெல்லிய ஈரத்தில் உப்புக் கரைந்து, அந்தக் கரைசல் பக்கத்துப் பனியைத் தின்னத் தொடங்கும். பனி கரைவதற்குச் சூடு வேண்டும். குல்ஃபிப் பானையில் அந்தச் சூடு பாலிலிருந்து உறிஞ்சப்படுகிறது, சாலையில் தரையிலிருந்து உறிஞ்சப்படுகிறது.

அதனால்தான் தரை எவ்வளவு குளிர்ந்திருக்கிறது என்பதைப் பொறுத்து உப்பின் வேலைத்திறன் பயங்கரமாக மாறுகிறது. மைனஸ் 1 டிகிரியில் 1 கிலோ உப்பு ஏறத்தாழ 46 கிலோ பனிக்கட்டியைக் கரைக்கும். மைனஸ் 7 டிகிரியில் அதே 1 கிலோ ஒன்பது கிலோவைக்கூடக் கரைக்காது. அதற்கும் நேரம் பிடிக்கும். மைனஸ் 12 டிகிரிக்கு வந்துவிட்டால் ஐந்து கிலோவுக்குள் நின்றுவிடும், அதுவும் வண்டிகள் வரிசையில் நிற்கும் வேகத்துக்கு ஈடு கொடுக்காத மெதுவில். இந்த மூன்று எண்களை மனத்தில் வைத்துக்கொண்டால், பின்னால் சொல்லப்போகும் சிக்கன வழிகளில் பாதி தானாகவே விளங்கிவிடும்.

நம் பக்கத்தில் ஊட்டியில் டிசம்பர், சனவரி மாதங்களில் உறைபனி விழுந்து புல்வெளி வெளுத்துப்போவதைப் பார்த்திருப்போம். வெயில் ஏறியதும் அது கரைந்துவிடுவதால் யாரும் உப்பைத் தேடுவதில்லை. மாதக்கணக்கில் வெயில் சுடாத ஊர்களில் நிலைமை வேறு. பனி மேல் பனி விழுந்து, வண்டிச் சக்கரம் ஏறி நசுக்கி, கண்ணாடி போல் இறுகி, தார்ச்சாலையோடு ஒட்டிக்கொள்கிறது. பிரேக் பிடித்தால் வண்டி நிற்காமல் தன் போக்கில் வழுக்கிக்கொண்டு போகிறது. மணலும் சாம்பலும் தூவிக்கொண்டிருந்த அமெரிக்காவில், நியூ ஹாம்ப்ஷயர் மாநிலம் 1938இல் சோதனை முறையில் சாலைக்கு உப்பிடத் தொடங்கியது. போருக்குப் பிறகு கார்கள் பெருகின, நெடுஞ்சாலைகள் நீண்டன. குளிர்காலத்திலும் சாலை கறுப்பாகத் தெரிய வேண்டும் என்று மக்கள் எதிர்பார்க்கத் தொடங்கினார்கள். இப்போது அந்த நாடு ஆண்டுக்குச் சுமார் 2 கோடி டன் உப்பைச் சாலைகளில் கொட்டுகிறது. கனடா சுமார் 50 லட்சம் டன். இந்த உப்பு உயிர்களைக் காப்பாற்றுகிறது என்பதையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். ஆம்புலன்ஸ் போக வேண்டிய சாலையில் உப்பே கூடாது என்று சொல்பவர், அந்தச் சாலையில் ஒரு முறைகூட வண்டி ஓட்டாதவராகத்தான் இருப்பார்.

இனி, பனி கரைந்து ஓடிய பிறகு அந்த உப்பு என்ன ஆகிறது என்ற கேள்வி. சமையல் உப்பும் சாலை உப்பும் ஒன்றுதான், சோடியம் குளோரைடு. சாலைக்கு வருவது சுரங்கத்திலிருந்து வெட்டிய, சுத்திகரிக்காத கல் உப்பு. கட்டி பிடிக்காமல் இருக்கச் சிறிது வேதிப்பொருளும் சேர்க்கிறார்கள். இதில் குளோரைடுதான் பெரிய தொல்லை. அது மண்ணில் ஒட்டாது, மட்காது, ஆவியாகாது, நுண்ணுயிர்கள் அதைத் தின்று தீர்க்காது. தண்ணீர் போகும் இடமெல்லாம் கூடவே போய், தண்ணீர் தேங்கும் இடத்தில் தங்கிவிடும்.

எவ்வளவு உப்பு எவ்வளவு தண்ணீரைக் கெடுக்கும் என்பதை நம் வீட்டுக் கணக்கிலேயே போட்டுப் பார்க்கலாம். அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 1988இல் வகுத்தபடி, நன்னீர் உயிர்கள் நெடுநாள் தாங்கக்கூடிய குளோரைடின் அளவு லிட்டருக்கு 230 மில்லிகிராம். கனடாவின் வரையறை இன்னும் கடுமை, 120 மில்லிகிராம்தான். 1 கிலோ உப்பில் சுமார் 607 கிராம் குளோரைடு. அதை 230 மில்லிகிராம் அளவுக்கு நீர்க்கச் செய்ய வேண்டுமானால் 2,600 லிட்டருக்கும் அதிகமான தண்ணீர் தேவை. அதாவது மொட்டை மாடியில் இருக்கும் ஆயிரம் லிட்டர் டேங்க் இரண்டரைக்கும் மேல். மின்னசோட்டாவில் ஒரு தேக்கரண்டி உப்பு ஐந்து கேலன், அதாவது சுமார் 19 லிட்டர் தண்ணீரைக் கெடுக்கும் என்று பள்ளிப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறார்கள், கணக்கு ஒன்றுதான்.

இதைச் சாலைக்குக் கொண்டுவருவோம். ஒரு சுற்றில் ஒரு தடத்துக்கு, ஒரு கிலோமீட்டருக்கு, பனியையும் குளிரையும் பொறுத்து ஏறத்தாழ 30 கிலோ முதல் 85 கிலோ வரை தூவுவது வழக்கம். கோவையிலிருந்து அவிநாசி வரைக்குமான சாலையைச் சுமார் 40 கிலோமீட்டர், நான்கு தடம் என்று வைத்துக்கொண்டு, நடுத்தரமாக 50 கிலோ தூவினால், ஒரே ஒரு சுற்றுக்கு 8 டன் உப்பு. அதை மீனுக்குத் தொல்லையில்லாத அளவுக்கு நீர்க்கச் செய்ய 2 கோடி லிட்டருக்கும் அதிகமான தண்ணீர் வேண்டும். குளிர்காலம் முழுதும் பனி விழும்போதெல்லாம் இப்படி ஒரு சுற்று, சில நாளில் இரண்டு மூன்று சுற்று.

ஆற்றில் கலந்தால் கடலுக்குப் போய்விடுமே என்று தோன்றும். மினியாபொலிஸ், செயின்ட் பால் இரட்டை நகரப் பகுதியில் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தார் கணக்கெடுத்தபோது, தூவிய உப்பில் சுமார் 70 விழுக்காடு மிசிசிப்பி ஆற்றோடு வெளியேறாமல் அந்த வட்டாரத்து ஏரிகளிலும் நிலத்தடி நீரிலும் தங்கிவிடுவது தெரியவந்தது. நிலத்தடிக்குப் போன உப்பு மெல்ல மெல்ல ஊறி ஓடைகளுக்கு வருவதால், பனியே இல்லாத கோடையிலும் சில நகரத்து ஓடைகள் உப்புக் கரிக்கின்றன. ஏரிகளில் இன்னொரு கோளாறு. உப்புத் தண்ணீர் கனமானது. அது அடியில் போய்ப் படுத்துக்கொள்கிறது. குளிர்நாட்டு ஏரிகளில் வசந்த காலத்திலும் இலையுதிர் காலத்திலும் மேல் தண்ணீரும் அடித் தண்ணீரும் புரண்டு கலக்கும். அப்போதுதான் அடியில் இருக்கும் உயிர்களுக்கு ஆக்ஸிஜன் போய்ச் சேரும். அடியில் கனத்த உப்புப் படுகை படுத்துவிட்டால் இந்தப் புரளல் பலவீனமாகி, சிறிய ஏரிகளில் நின்றே போய்விடுவதும் உண்டு. இடையில், பாசியைத் தின்று வாழும் கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாத நீர்ப்பூச்சிகள் உப்பைத் தாங்க முடியாமல் குறைகின்றன. பாசி பெருகித் தண்ணீர் பச்சையாகிறது.

சோடியத்தின் கதை வேறு. அது குளோரைடு மாதிரி ஓடிப்போவதில்லை. மண்ணில் தங்கி, களிமண் துகள்களைக் கோத்துப் பிடித்திருக்கும் கால்சியத்தைத் தள்ளிவிட்டு அந்த இடத்தில் உட்கார்ந்துகொள்கிறது. கால்சியம் போனால் மண்ணின் பொலபொலப்புப் போய்விடும். நனைந்தால் சேறாகக் குழையும், காய்ந்தால் பாளமாக இறுகும், தண்ணீர் உள்ளே இறங்காது. களர் நிலத்துக்கு ஜிப்சம் போட்டுப் பழகிய நம் விவசாயிகளுக்கு இது சொல்லித் தெரிய வேண்டியதில்லை, ஜிப்சத்தில் இருக்கும் கால்சியம் அந்தச் சோடியத்தைத் திருப்பித் தள்ளுகிறது. சாலையோரத்து மரங்களும் இதில் அடிபடுகின்றன. ஊசியிலை மரங்கள் சாலைப் பக்கம் மட்டும் செம்பழுப்பாகக் கருகி நிற்பதைப் படங்களில் பார்க்கலாம். தென்னங்கன்று நடும் குழியில் கல் உப்புப் போடுகிற ஊர்க்காரர்களுக்கு இது விந்தையாகத் தோன்றலாம். தென்னை கடற்கரையில் வளர்ந்து பழகிய மரம், அதன் வயிறு வேறு.

குழாய்களையும் இரும்பையும் குளோரைடு அரிப்பது எல்லோரும் அறிந்ததே. மிச்சிகன் மாநிலத்து ஃபிளின்ட் நகரம் 2014இல் குடிநீருக்காக அந்த ஊர் ஆற்றுக்கு மாறியபோது, தண்ணீரில் இருந்த குளோரைடு இன்ஜின் பாகங்களை அரிக்கிறது என்று அங்கிருந்த ஜெனரல் மோட்டார்ஸ் தொழிற்சாலை அதே ஆண்டு அக்டோபரில் அந்தத் தண்ணீரை நிறுத்திவிட்டது. மக்கள் வீட்டுக் குழாய்களிலிருந்து ஈயம் கரைந்து வந்த பெரும் அவலத்துக்கு, அரிப்பைத் தடுக்கும் மருந்தைத் தண்ணீரில் சேர்க்காமல் விட்டதுதான் முதன்மைக் காரணம். ஆனால் அரிக்கும் தன்மை அந்தத் தண்ணீரிலேயே இருந்தது.

விலங்குகளுக்கு உப்பென்றால் ஆசை என்பது மாடு வைத்திருப்பவர்களுக்குத் தெரியும். கனடாவின் ஜாஸ்பர் தேசியப் பூங்காவில் மூஸ் என்ற பெரிய மான்கள் கார்களின் மேல் படிந்த சாலை உப்பை நக்க வந்து நிற்பதால், மானைக் காரை நக்க விடாதீர்கள் என்று 2020இல் அறிவிப்புப் பலகையே வைத்தார்கள். சிரிப்பாகத்தான் இருக்கிறது, உப்புக்காகச் சாலைக்கு வந்து பழகிய மான் வண்டியில் அடிபடும் என்பதுதான் அந்தப் பலகைக்குக் காரணம்.

இப்போது நொய்யலுக்கு வருகிறேன். வெள்ளியங்கிரி மலையில் பிறந்து, கோவை, திருப்பூர் வழியாக ஓடி, கரூர் மாவட்டத்தில் காவிரியில் சேரும் இந்த ஆற்றின் கதை, உப்பைப் பற்றிய ஒரு பாடப்புத்தகம். பருத்தித் துணியில் சாயம் ஏற உப்பு வேண்டும். சாயமும் பருத்தியும் தண்ணீரில் ஒன்றையொன்று விலக்கும் இயல்புடையவை. உப்புத்தான் சாயத்தைத் துணியை நோக்கித் தள்ளுகிறது. அடர்ந்த நிறம் வேண்டுமென்றால் ஒரு லிட்டர் சாயக் கரைசலுக்கு 50 கிராம், 80 கிராம் என்று உப்புப் போக வேண்டும். சாயத்தைத் துணி எடுத்துக்கொள்கிறது, உப்பை எடுத்துக்கொள்வதில்லை. போட்ட உப்பு அத்தனையும் கழிவுத் தண்ணீரோடு வெளியே வரும். நிறத்தை நீக்கினாலும், நாற்றத்தைப் போக்கினாலும், வழக்கமான சுத்திகரிப்பில் உப்பு மட்டும் அப்படியே நிற்கும். சென்னிமலை பக்கம் ஒரத்துப்பாளையத்தில் பாசனத்துக்காக 1992இல் கட்டி முடித்த அணையில் வந்து தேங்கியது அந்தத் தண்ணீர்தான். அணையைத் திறக்கச் சொல்லிக் கேட்க வேண்டிய விவசாயிகள், திறக்காதீர்கள் என்று சொல்லும் நிலைக்கு வந்தார்கள்.

ஆயக்கட்டு விவசாயிகள் நீதிமன்றத்துக்குப் போனார்கள். சொட்டுக் கழிவும் வெளியே போகக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2006இல் உத்தரவிட்டது, உச்ச நீதிமன்றம் 2009இல் அதை உறுதிசெய்தது, உத்தரவு நிறைவேறாததால் 2011 சனவரியில் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி உயர் நீதிமன்றம் ஆணையிட்டது. அதன் பிறகு நடைமுறைக்கு வந்த ஏற்பாட்டில், கழிவுத் தண்ணீரைச் சுத்திகரித்து, ஆர்ஓ சவ்வுகள் வழியாகப் பல கட்டமாக அழுத்தி நல்ல தண்ணீரைப் பிரித்து, மிஞ்சும் அடர் உப்புக் கரைசலில் ஒரு பகுதியைத் திரும்பவும் சாயத்துக்கே பயன்படுத்தி, மீதியை நீராவியில் சுண்டக் காய்ச்சி உப்பாக எடுக்கிறார்கள். மீட்ட உப்பில் திரும்பப் பயன்படாத கலப்பு உப்பு மூட்டைகளாகக் கூரைக்கடியில் அடுக்கிக் கிடக்கிறது. விறகும் மின்சாரமும் இதற்குத் தின்னும் காசு கொஞ்சமல்ல. பட்டறைகளை மூடச் சொன்ன அன்றே கிணறுகள் இனித்துவிடவும் இல்லை.

இங்கேதான் அக்கா மகனின் உவமை உடைகிறது. சாயப்பட்டறையின் உப்புத் தண்ணீர் குழாயில் வருகிறது. குழாயின் வாயில் ஓர் ஆலையைக் கட்டிப் பிடித்துவிட முடியும், அதுவும் அவ்வளவு செலவுக்குப் பிறகு. சாலையில் தூவிய உப்புக்குக் குழாயே கிடையாது. நூறு கிலோமீட்டர் நீளத்துக்கு இருபுறமும் வழிந்து, பள்ளத்தில் இறங்கி, மழைநீர் வடிகாலில் போய், வயலில் ஊறி, நாலா திசைக்கும் போகிற தண்ணீரைத் திரட்டி ஆர்ஓவில் விட எந்த அரசாலும் முடியாது. ஒரு நகரத்து ஏரி முழுவதையும் ஆர்ஓ செய்வது என்பது பேச்சுக்கும் உதவாத யோசனை. எனவே, சாலை உப்பைப் பொறுத்தவரை கரைந்த பிறகு செய்யக்கூடியது ஒன்றுமில்லை. லாரியிலிருந்து விழுவதற்கு முன்னால் குறைப்பது ஒன்றுதான் வழி. இதற்காகக் கண்டுபிடித்த முறைகள் எல்லாம் இந்த ஒரு எண்ணத்தின் கிளைகள்.

அவற்றில் எனக்கு மிகவும் பிடித்தது, பனி விழுவதற்கு முன்பே உப்பிடுவது. தோசைக்கல்லில் மாவை ஊற்றுவதற்கு முன் ஒரு துளி எண்ணெயைத் தடவினால் தோசை சுலபமாக எடுபடும். ஒட்டிக்கொண்ட பிறகு சுற்றிலும் கரண்டி கரண்டியாக எண்ணெய் விட்டாலும் பிய்ந்துதான் வரும். பனியும் அப்படியே. வானிலை அறிக்கையைப் பார்த்து, நூற்றுக்கு 23 பங்கு உப்புள்ள கரைசலைச் சில மணி நேரம் முன்னதாகவே சாலையில் கோடு கோடாகத் தெளித்து வைத்தால், விழும் பனி தாரோடு ஒட்டாது. பனி வாரும் வண்டி அதைச் சுலபமாகத் தள்ளிவிடும். ஒட்டி இறுகிய பிறகு கரைப்பதற்குத் தேவைப்படும் உப்பில் ஒரு சிறு பங்கே இதற்குப் போதும். உப்பின் வேலை பனி முழுவதையும் கரைப்பது அல்ல, பனிக்கும் தாருக்கும் இருக்கும் ஒட்டை விடுவிப்பது மட்டுமே என்ற புரிதல் வந்ததே இந்தத் துறையில் நிகழ்ந்த பெரிய மாற்றம். பனியை முதலில் வாரிவிட்டு, மீதிக்குத்தான் உப்பு என்ற வரிசையும் அதிலிருந்து வந்ததே.

அடுத்தது, உப்பை ஈரமாக்கித் தூவுவது. ஓடும் லாரியிலிருந்து விழும் காய்ந்த உப்புக் கல் தாரில் பட்டுத் தெறித்து ஓரத்துக்குப் போய்விடுகிறது. மிச்சிகன் மாநிலத்தில் சோதித்தபோது, காய்ந்த உப்பில் பத்தில் மூன்று பங்கு சாலையை விட்டே போய்விட்டதும், கரைசலில் நனைத்த உப்பில் மிகச் சிறிதளவே அப்படிப் போனதும் தெரிந்தது. வேகமாக ஓட்டினால் தெறிப்பு இன்னும் அதிகம். உப்பு எப்படியும் கரைசலாக மாறிய பிறகே வேலை செய்யும் என்பதால், நனைத்துப் போடும்போது அது சீக்கிரமாகவும் வேலையைத் தொடங்குகிறது.

மேலே சொன்ன மூன்று எண்கள் இங்கே உதவும். காற்றின் வெப்பநிலையைப் பார்த்து உப்பிடுவது தவறு. தரையின் வெப்பநிலையைப் பார்க்க வேண்டும். வெயில் பட்ட தார் காற்றை விடச் சூடாக இருக்கலாம். கீழே காற்றோட்டம் உள்ள பாலம் மற்ற இடத்துக்கு முன்பே உறைந்துவிடும். அதனால் லாரியின் அடியில் தரையின் வெப்பத்தை அளக்கும் கருவியைப் பொருத்தி, வண்டியின் வேகத்துக்கு ஏற்ப உப்பின் அளவைத் தானே கூட்டிக் குறைக்கும் அமைப்போடு இணைக்கிறார்கள். மைனஸ் 9, 10 டிகிரிக்குக் கீழே போனால் சோடியம் உப்பை அள்ளிக் கொட்டுவது வீண். அப்போது மணல் தூவிப் பிடிமானம் கொடுப்பதும், தேவையான இடங்களில் மட்டும் மக்னீசியம் குளோரைடு, கால்சியம் குளோரைடு போன்றவற்றைச் சேர்ப்பதும் பொருத்தம். அவை இன்னும் கடுங்குளிரிலும் வேலை செய்யும். ஆனால் பெயரிலேயே இருக்கிறது, அவையும் குளோரைடுதான். பனிக்கு மாற்றாகலாம், ஏரிக்கு மாற்றாகாது.

மாற்றுப் பொருள்களைப் பற்றி ஓர் எச்சரிக்கை. சுற்றுச்சூழலுக்கு உகந்தது என்று பையின் மேல் பச்சை நிறத்தில் அச்சிட்டு விற்பவற்றில் பலவும் இதே குளோரைடு உப்புகள்தான். பீட்ரூட் இனத்தைச் சேர்ந்த சர்க்கரை பீட் கிழங்கிலிருந்து சர்க்கரை எடுத்தபின் மிஞ்சும் சாற்றை உப்போடு கலக்கிறார்கள். அது உப்பைச் சாலையில் ஒட்ட வைத்து, தேவையான அளவைக் குறைக்கிறது. விஸ்கான்சின் மாநிலத்தின் போல்க் கவுண்டியில் பாலாடைக்கட்டித் தொழிற்சாலைகளின் உப்புக் கழிவுநீரையே சாலைக்குப் பயன்படுத்துகிறார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் சர்க்கரையும் பாற்பொருளும் ஓடையில் கலந்தால் நுண்ணுயிர்கள் பெருகித் தண்ணீரில் இருக்கும் ஆக்ஸிஜனைத் தின்றுவிடும். சர்க்கரை ஆலைக் கழிவு கலந்த வாய்க்காலில் மீன் செத்து மிதப்பதும் இதே காரணத்தால்தான். அசிட்டேட் வகைகளில் குளோரைடு இல்லை, விமானங்களின் உலோகத்தைக் குளோரைடு அளவுக்கு அரிக்காது என்பதால் விமான நிலையங்களில் அவை புழங்குகின்றன. விலை மிக அதிகம், அவையும் ஆக்ஸிஜனைக் குடிக்கும். மணல் எதையும் கரைக்காது, வடிகாலை அடைக்கும், காய்ந்தால் தூசி பறக்கும். எதை எடுத்தாலும் ஏதோ ஒரு கணக்கில் பாக்கி நிற்கிறது.

உப்பைச் சேமிக்கும் இடமும் முக்கியம். கூரையில்லாமல் திறந்த வெளியில் குவித்த உப்பு மழையில் கரைந்து பக்கத்துக் கிணறுகளுக்குள் இறங்கிய கதைகள் அந்த நாடுகளில் பல உண்டு. சாலை உப்பைச் சுற்றுச்சூழலுக்கு நச்சானது என்று 2001இல் மதிப்பிட்ட கனடா அரசு, அதைத் தடை செய்யாமல் 2004இல் ஒரு நடைமுறை நெறியை வகுத்தது. சேமிப்பு, தூவுதல், வாரிய பனியைக் கொட்டும் இடம் ஆகிய மூன்றையும் அது பேசுகிறது. நீர் இறங்காத தளத்தில் கூரைக்கடியில் வைப்பது அதன் எளிய பாடம். திருப்பூரில் கலப்பு உப்பு மூட்டைகள் கூரைக்குள் இருப்பதற்கும் இதே காரணம்.

அரசுச் சாலைகளை விடத் தனியார் இடங்களில்தான் மிதமிஞ்சிய உப்பு விழுகிறது என்பது எனக்கு எதிர்பாராத செய்தி. கடைகளின் வாகன நிறுத்துமிடத்தில் யாராவது வழுக்கி விழுந்து வழக்குப் போட்டுவிடுவார்களோ என்ற அச்சத்தில், ஒப்பந்தக்காரர்கள் தரை வெள்ளையாகத் தெரியும்வரை கொட்டுகிறார்கள். சாலை உப்பைத் தொடங்கி வைத்த அதே நியூ ஹாம்ப்ஷயர், இதற்கு ஒரு நல்ல வழி கண்டது. பயிற்சி பெற்று அரசிடம் சான்றிதழ் வாங்கி, சரியான அளவில் உப்பிட்டுக் கணக்கு வைத்திருக்கும் ஒப்பந்தக்காரருக்கு, வழுக்கி விழுந்த வழக்குகளிலிருந்து சட்டப் பாதுகாப்புக் கொடுத்தது. அச்சம் குறைந்தால் கை சிக்கனமாகும் என்பதைச் சட்டமாக எழுதியிருக்கிறார்கள். கருவிகளைப் பற்றிய பேச்சை விட இது எனக்குப் பெரிதாகப் படுகிறது.

வீட்டுக்காரர்களுக்கான அளவு மிக எளியது. 20 அடி நீளமுள்ள கார்ப் பாதைக்கு ஒரு காப்பிக் குவளை உப்புப் போதும் என்று மின்னசோட்டாவில் சொல்கிறார்கள். ஒரு கல்லுக்கும் அடுத்த கல்லுக்கும் மூன்று அங்குல இடைவெளி. கோலத்துக்குப் புள்ளி வைப்பது போல என்று நான் சொன்னதற்கு, அக்கா மகன் சிரித்தான். முதல் ஆண்டு அவன் கால் மூட்டையை அப்படியே கவிழ்த்துவிட்டிருக்கிறான். பக்கத்து வீட்டுப் பெரியவர் ஒருவர் வந்து, முதலில் மண்வெட்டியால் பனியை வாரு, பிறகு உப்பை எடு என்று காட்டிக் கொடுத்தாராம். இப்போது பனி கரைந்து தரை காய்ந்ததும் வாசலில் மிஞ்சிக் கிடக்கும் உப்புக் கற்களைத் துடைப்பத்தால் கூட்டி அள்ளி, மூடிபோட்ட ஒரு பழைய பெயின்ட் டப்பாவில் போட்டு வைக்கிறான். போன குளிர்காலத்தில் வாங்கிய மூட்டை இன்னும் பாதிகூடத் தீரவில்லை.